பதினான்காம் அறைப் பன்றிப் பண்ணைக்காரர்

மூன்று வருஷத்துக்கு முந்தி, ஒரு ஏப்ரல் மாதக் கடைசியில், பாரிஸ் லா சப்பலில் நடந்தது இது. மெட்ரோ தலைக்கு மேலால் ஓடுகிற அந்தப் பாலத்துக்குக் கிட்ட, உள்ளுக்குப் போகிற ஒரு தெருவில் சின்ன ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவாக்குகிற வேலை எனக்கு. இப்போதும் அங்கேதான். இருபத்திரண்டு அறை, லிஃப்ட் கிடையாது. விடிய சார்செல்லில் ரயில் ஏறினால் பின்னேரம்தான் வீடு.

அந்தக் கிழமை பதினான்காம் அறைக்கு ஒரு வயதான அமெரிக்கத் தம்பதி வந்திருந்தார்கள். ஆட்களைப் பார்க்கும் முன்பே அவர்களின் கட்டிலைத்தான் நான் பார்த்தேன். நான் எத்தனை மணிக்குப் போனாலும் படுக்கை ஏற்கெனவே விரித்திருக்கும். சும்மா இழுத்து மூடினது இல்லை. நாலு மூலையும் கடதாசி மடித்தது போல இறுக்கமாக, ஒரு சுருக்கமும் இல்லாமல். பதினொரு வருஷமாக இதே வேலை செய்கிறேன், எனக்கு அப்படி விரிக்க வராது. யாரப்பா இந்த மனுஷர் என்று எனக்குள் சிரித்துக்கொண்டு துவாயை மட்டும் மாற்றிவிட்டு வருவேன்.

நாலாம் நாள் காலையில் பத்ரோன் என்னைக் கீழே கூப்பிட்டார். எங்கள் முதலாளி பாண்டிச்சேரிக்காரர், இங்கே வந்து நாற்பது வருஷம்.

"ஏம்மா, உனக்கு இங்கிலீஷ் வரும்ல? பதினாலுல இருக்கிற அமெரிக்கரோட மதாம் நேத்து மொன்மார்த் படியில மயங்கி விழுந்துட்டாங்களாம். மூளையில ரத்தம் கட்டிடுச்சாம். இவருக்கு ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியல. நீ கொஞ்சம் ஒப்பித்தாலுக்குக் கூடப் போயிட்டு வாயேன்."

ஒப்பித்தால் என்றால் இங்கே ஆஸ்பத்திரி. எனக்கு இங்கிலீஷ் தெரியும். ஊரில் கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவன அலுவலகத்தில் ஆறு வருஷம் எழுதுவினைஞராக இருந்தவள். பாரிஸுக்கு வந்த பிறகு அந்த இங்கிலீஷ் ஒன்றுக்கும் உதவவில்லை. அன்றைக்குத்தான் முதல் முதலாக அதற்கு ஒரு வேலை கிடைத்தது.

மனுஷர் நல்ல உயரம். எழுபத்தைந்து வயது இருக்கும். கை இரண்டும் மண்வெட்டி மாதிரி. இடது கையில் ஒரு விரலின் நுனி இல்லை. அமெரிக்காவின் நடுப்பகுதியில், அயோவா என்ற இடத்தில், பன்றி வளர்த்தவர். தகப்பனும் அதே வேலை, அதே பண்ணை. ஐம்பது வருஷத்தில் இரண்டு இரவுக்கு மேல் வீட்டை விட்டு விலகினதே இல்லையாம், பன்றிக்கு யார் தீனி வைக்கிறது? மனுஷிக்கு ஒரு தடவையாவது பாரிஸ் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதற்கு முந்தின இலையுதிர்காலத்தில் கடைசிப் பன்றியையும் விற்றுவிட்டு இரண்டு பேரும் பிளேன் ஏறியிருக்கிறார்கள். அந்த அம்மா பார்த்தது மூன்றே நாள்தான்.

ஆஸ்பத்திரி மெட்ரோவில் பத்து ஸ்டேஷன் தள்ளி. வேலை முடிந்ததும் நான் அவருடன் போவேன். டாக்டர் சொல்வதை அவருக்குச் சொல்வேன், அவர் கேட்பதை டாக்டரிடம் கேட்பேன். அந்த அம்மாவுக்கு வலப்பக்கம் முழுக்க அசைவில்லை, வாய் கோணிப்போய்க் கிடந்தது. பேச்சு வரவில்லை. கண் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அவரால் ஒரு இடத்தில் இருக்க ஏலாது. கதிரையில் இருப்பார், எழும்புவார், ஜன்னலுக்குப் போவார், திரும்பி வருவார். விடிய நாலு மணிக்கே முழிப்பு வந்துவிடும் என்று சொன்னார். தீனி வைக்கிற நேரம் அது. வைக்கிறதுக்கு ஒன்றும் இல்லை என்பது மூளைக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை என்றார். அதனால் விடியற்காலையில் இறங்கி கார் து நோர் ஸ்டேஷன் தண்டவாளங்களுக்கு மேலால் போகிற பாலம் வரைக்கும் நடந்துபோய், ரயில்களைப் பார்த்துவிட்டு வருவாராம்.

மகள் அமெரிக்காவில். அவளிடம் பாஸ்போர்ட் இல்லை, எடுக்க இரண்டு மூன்று கிழமை ஆகும். அதுவரைக்கும் அவருக்குப் பாரிஸில் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

ஆஸ்பத்திரியால் திரும்பும்போது ரூ காய் என்ற தெருவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப்போவேன். அந்தக் கடை அண்ணைக்கு ஐம்பது வயது இருக்கும். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, செயற்கைக் கால். அவர் ஊரில் எந்தப் பக்கம் நின்றவர், காலை எங்கே விட்டவர், பிறகு எத்தனை வருஷம் உள்ளே இருந்தவர் என்பதெல்லாம் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். அவர் மட்டும் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார். அமெரிக்கருக்கு உழுந்து வடை நல்லாகப் பிடித்துவிட்டது. பன்றி வளர்க்கிறவர் என்று நான் சொன்னதும் கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அதிலிருந்து அவருக்கு அங்கே "பண்டிக்கார ஐயா" என்று பேர்.

அவரும் பன்றியைப் பற்றித்தான் கதைப்பார். குட்டி போட்ட தாய்ப்பன்றி படுக்கும்போது மெல்ல மெல்லத்தான் படுக்குமாம், அப்படியும் சில நேரம் குட்டி ஒன்று அடியில் அகப்பட்டுவிடுமாம். பனிக்காலத்தில் பன்றி ஈனும் நாட்களில் கொட்டிலிலேயே படுத்துக் கிடப்பாராம், கீச்சென்று ஒரு சத்தம் கேட்டால் ஓடிப்போய்த் தாயை எழுப்பிவிட. எங்கள் வீடு சைவம், பன்றி என்றாலே அம்மா முகம் சுளிப்பா. ஆனால் அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருக்கும். சொந்தக்காரர் ஒருவரோடு இருக்கிற மாதிரி ஒரு ஆறுதல். இதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, நல்ல மழை. நாங்கள் கடையில் இருந்தோம். ஸ்டேஷன் பக்கம் காவலுக்கு நிற்கிற பட்டாளத்துக்காரர் நாலு பேர், துவக்கை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி, கண்ணாடிக்கு வெளியால் நடந்து போனார்கள். இங்கே அது தினமும் காண்கிற காட்சி. ஆனால் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு உடம்பு விறைத்துப்போகும். கையில் இருந்த கிளாஸை வைத்துவிட்டேன்.

அவர் அதைக் கவனித்துவிட்டார். உனக்கு அவர்களைப் பிடிக்காது, இல்லையா என்று கேட்டார். பிடிக்காது என்றேன். ஏன் என்று சொல்லவில்லை.

வடைத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, நானும் அப்படி ஒருத்தன்தான் என்றார்.

பத்தொன்பது வயதில் வியட்நாமுக்கு அனுப்பினார்களாம். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துத்தான் சொல்லத் தொடங்கினார். ஒரு கிராமம். எதிரிக்குச் சாப்பாடு கிடைக்கக் கூடாது என்று வீடுகளை எரிக்கச் சொல்லியும், ஆடு மாடு பன்றி எல்லாவற்றையும் சுடச் சொல்லியும் கட்டளை. மேலதிகாரி இவரைப் பார்த்து, நீதானே பன்றிக்காரன், பன்றி உன்னுடைய வேலை என்றானாம். குடிசை ஒன்றுக்குப் பின்னால் பட்டியில் ஒரு தாய்ப்பன்றி படுத்திருந்தது. ஒன்பது குட்டி, பால் குடித்துக்கொண்டிருந்தன. இவர் துவக்கைத் தூக்கினார். அப்போது அந்த வீட்டுக் கிழவி ஓடிவந்து பட்டிக்குள் இறங்கி...

"அந்தக் கிழவி..." என்று சொல்லி நிறுத்தினார். மூச்சு எடுத்தார். இன்னும் சொல்லப்போகிறார் என்று தெரிந்தது.

நான் எழும்பிவிட்டேன்.

என் கண்ணுக்கு முன்னால் வியட்நாம் இல்லை. ஊரில் கடைசிச் சண்டை முடிந்த கிழமை, கையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் வரிசையில் நின்ற வெளிதான் இருந்தது. அந்த வரிசையிலிருந்து என் தம்பியை ஆமிக்காரர் வெளியே வரச் சொன்னார்கள். ஒரு சின்ன விசாரணை, அனுப்பிவிடுவோம் என்றார்கள். இருபது வயது. இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு போனவனுக்கும் ஒரு பத்தொன்பது, இருபது வயதுதான் இருக்கும். அவனும் எங்கேயோ வயல், கமம் செய்கிற வீட்டிலிருந்து வந்தவனாகத்தான் இருப்பான். இப்போது வீட்டில் மனுஷி பிள்ளைகளோடு இருப்பான். வடை தின்பான். இந்த நினைப்பு வந்ததும் எனக்கு அந்த மேசையில் இருக்க முடியவில்லை.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று இங்கிலீஷில் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். வாசலில் வைத்து அண்ணையிடம் மட்டும் சொன்னேன்: "அந்தாள் ஆமிக்காரன் அண்ணை. வியட்நாமிலை நிண்டவராம்."

அவருக்கும் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் "ம்ம்" என்றுவிட்டு மேசையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் பத்ரோனுக்கு போன் பண்ணி எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் ஒன்றும் இல்லை. வீட்டில் இருந்து அலுமாரிச் சாமான் எல்லாவற்றையும் இறக்கித் துடைத்தேன். துடைத்து முடித்ததைத் திரும்பவும் துடைத்தேன். இரண்டாம் நாள் பின்னேரம் பத்ரோனே எடுத்தார்.

"ஏம்மா, எப்படியிருக்கே? ஒப்பித்தால்லேர்ந்து பேசினாங்க. நாளைக்கு முக்கியமா ஏதோ விளக்கணுமாம், நீ வந்தே ஆகணும்னு சொல்றாங்க. காலையில ஒரு அரை மணி நேரம் வந்துட்டுப் போயிடேன்."

காய்ச்சல் இன்னும் விடவில்லை, காலையில் வர மாட்டேன், கொஞ்சம் குறைந்தால் பத்து மணிபோல வேலைக்கு வருகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், என் கணவர் குசினி வாசலில் நின்றார். நான் நடந்ததை எல்லாம் அவருக்குச் சொல்லியிருந்தேன்.

"அந்தாள் உனக்கு என்ன செய்தவர்?"

"ஒண்டும் செய்யேல்லை."

"பிறகேன்?"

தண்ணீர்ப் பைப்பைத் திறந்து கழுவின கோப்பையைத் திரும்பக் கழுவினேன்.

மூன்றாம் நாள் பத்து மணிக்கு நான் ஹோட்டலுக்குள் கால் வைக்கவும், பத்ரோன் போனும் கையுமாக நின்றார். அவர் முகமே சரியில்லை.

விஷயம் இதுதான். அந்த அம்மாவைக் காலை எட்டு மணிக்கு, கை கால் பயிற்சி கொடுக்கிற வேறொரு ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள். பாரிஸுக்கு வெளியே. நல்ல செய்திதான், உயிருக்கு ஆபத்து நீங்கிவிட்டது என்றுதான் மாற்றினார்கள். முதல் நாளே அவருக்கு ஒரு தாள் கொடுத்து விளக்க முயற்சி செய்திருக்கிறார்கள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறார். விளங்கவில்லை என்று தெரிந்துதான் என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் வரவில்லை. காலையில் அவர் வழமைபோலப் போயிருக்கிறார். கட்டில் வெறுமையாக இருந்திருக்கிறது, துணியெல்லாம் உருவி. அங்கே துப்புரவாக்கிக்கொண்டு நின்ற ஒரு மனுஷி, என்னைப் போல ஒருத்தி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "ஃபினிஷ், மிஸ்டர். மதாம் கோன். ஃபினிஷ்" என்று சொல்லியிருக்கிறாள். அந்த அறையில் வேலை முடிந்துவிட்டது, அம்மா வேறு இடத்துக்குப் போய்விட்டார் என்பதுதான் அவள் சொல்ல வந்தது.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாராம். அவள் தாதியைக் கூப்பிட ஓடிப்போய்த் திரும்பி வந்தபோது ஆளைக் காணவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. நேரம் அப்போதே ஒன்றரை மணித்தியாலம் கடந்துவிட்டது.

ஓடிப்போய்ப் பதினான்கைத் திறந்து பார்த்தேன். படுக்கை அதே மாதிரி விரித்திருந்தது. அவருடைய போன் மேசையில் கிடந்தது. மனுஷியின் சப்பாத்தை, அந்த அம்மா படியில் விழுந்த அன்று போட்டிருந்த சப்பாத்தை, நன்றாகத் துடைத்து மினுக்கிச் சுவரோரம் வைத்திருந்தார்.

கோட்டும் போடாமல் கீழே இறங்கினேன். என் போனும் கழற்றி வைத்த கோட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது, அது பிறகுதான் தெரிந்தது. முதலில் தண்டவாளப் பாலத்துக்கு ஓடினேன். தினமும் அவர் போய் நிற்கிற இடம். கம்பி வேலி உயரம்தான், ஆனாலும் நான் கீழே எட்டிப் பார்த்தேன். ரயில்கள் வழமைபோல ஓடிக்கொண்டிருந்தன. ஏதும் நடந்திருந்தால் ரயிலை நிறுத்தியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கிருந்து பக்கத்தில் இருக்கிற தேவாலயத்துக்கு. உள்ளே இரண்டு கிழவிகள் மட்டும். திரும்பவும் மெட்ரோப் பாலத்தடி. அங்கே சந்தை கூடியிருந்தது, ஒவ்வொரு உயரமான ஆளையும் தோளில் பிடித்துத் திருப்பாத குறை. வயதான அமெரிக்கர் ஒருவரைக் கண்டீர்களா என்று பிரெஞ்சிலும் தமிழிலும் கேட்டேன். ஒரு தம்பி, "பண்டிக்கார ஐயாவோ? இண்டைக்குக் காணேல்லை அக்கா" என்றான்.

பிறகு, கொஞ்சம் தள்ளி இருக்கிற கால்வாய் ஞாபகம் வந்தது. கால்வாய்க் கரைக்கு ஓடினேன். ஓடினேன் என்று எழுதுகிறேன், நாற்பத்தைந்து வயதில் மூச்சு வாங்கி வாங்கிப் பாதி நடைதான். தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, வெளியே சொல்லக் கூச்சமான ஒன்றை நினைத்தேன். இவருக்கு ஏதும் ஆனால், வரிசையிலிருந்து ஒருவனைக் கூப்பிட்டவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவன் கட்டளைக்குச் செய்தான். நான் யாரும் சொல்லாமலே செய்தேன்.

இரண்டு மணித்தியாலம் இப்படி அலைந்தேன். தேத்தண்ணிக் கடை வழியால் இரண்டு தரம் போய் வந்திருக்கிறேன். உள்ளே பார்க்கவில்லை. நான் இல்லாமல் அவர் அங்கே போக மாட்டார் என்று எண்ணம். நான் சொன்னதைக் கேட்ட பிறகு அண்ணை அவரை உள்ளே விடவும் மாட்டார் என்றும் எண்ணம். மூன்றாம் தரம் அந்த வழியால் வந்தபோது அண்ணையே வாசலில் நின்று கையைக் காட்டினார்.

"எங்கை பிள்ளை போனை வைச்சிட்டுத் திரியிறாய்? எத்தினை தரம் அடிக்கிறது? ஐயா உள்ளுக்கைதான் இருக்கிறார்."

கடையின் பின்பக்கம், அரிசி மூட்டைகள் அடுக்கிய இடத்தில், ஒரு சின்ன ஸ்டூலில் அவர் இருந்தார். முன்னால் ஒரு பெரிய பேசின் நிறைய வெங்காயம். உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உரித்து முடித்தது ஒரு குவியல். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு எதிரே இன்னொரு ஸ்டூல், அதில்தான் இவ்வளவு நேரமும் அண்ணை இருந்திருக்கிறார். வாடிக்கையாளரைக் கவனிக்காமல், ஒரு பாஷையும் இல்லாமல்.

"வாசலிலை நிண்டு நடுங்கிக்கொண்டிருந்தவர்," என்று அண்ணை எனக்கு மெதுவாகச் சொன்னார். "மனுசி செத்துப்போச்சு எண்டு நினைச்சன். என்னெண்டு கேக்கிறது? கூட்டியந்து இருத்தினன். தேத்தண்ணி குடுத்தா குடிக்கேல்லை. கை சும்மா இருந்தா ஆள் விழுந்திடும் எண்டு தெரிஞ்சுது. அதான் வெங்காயத்தைக் குடுத்தனான்."

நான் கிட்டப் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் முதலில் கேட்ட கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உனக்குக் காய்ச்சல் என்றார்களே, இப்போது சுகமா என்று கேட்டார். மனுஷி செத்துப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஒரு மனுஷர்.

உங்கள் மனுஷி உயிரோடு இருக்கிறார், வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று சொன்னேன். அவருக்கு ஏறவில்லை. திரும்பச் சொன்னேன். கையில் இருந்த வெங்காயத்தை முழுவதும் உரித்து முடித்தார். கத்தியைக் கீழே வைத்தார். உயிரோடா என்று கேட்டார். எனக்கு இங்கிலீஷ் மறந்துபோய், "ஓம், ஓம்" என்று தமிழில் சொன்னேன். அது அவருக்கு விளங்கியது. அந்தப் பெரிய கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அண்ணை எழும்பிப்போய் முன்கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்தார், கடைக்குள் யாரும் வராமல்.

அன்றைக்கே அவரை அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நாற்பது நிமிஷ ரயில். எதிரெதிரே இருந்தோம். அவரிடம் எனக்குக் காய்ச்சல் இருக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். தம்பியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு நீங்கள் சொல்லிக்கொண்டிருந்ததைச் சொல்லி முடியுங்கள் என்றாவது கேட்டிருக்கலாம். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் எத்தனை ஸ்டேஷன் என்று அவர் கேட்டார், எண்ணிச் சொன்னேன். அவரும் அந்தக் கதையை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

அந்த அம்மா ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து இருந்தார். இவரைக் கண்டதும் கோணின வாயால் ஏதோ சத்தம் வந்தது. திட்டுகிற சத்தம் மாதிரித்தான் எனக்குக் கேட்டது, எங்கே போனாய் இவ்வளவு நேரமும் என்று. இவர் போர்வைக்கு மேலால் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வெளியே வந்து விறாந்தையில் நின்றுகொண்டேன்.

மகள் வந்து, மேலும் ஒரு மாதத்தால் இருவரையும் கூட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்கழியும் நத்தாருக்கு, கிறிஸ்மஸுக்கு, ஹோட்டல் முகவரிக்கு ஒரு கார்ட் வரும். மனுஷி ஊன்றுபொல்லுப் பிடித்து நடக்கிறாள், இந்த வருஷம் பனி அதிகம், இவ்வளவுதான் எழுதியிருப்பார்.

இந்த வருஷம் மாசியில், கார்ட் வருகிற காலம் இல்லாத நேரத்தில், ஒரு கடிதம் வந்தது. மகள் எழுதியிருந்தாள். அப்பா போய்விட்டார். காலையில் எழும்பிப் படுக்கையை விரித்துவிட்டு, சப்பாத்துப் போடக் கதிரையில் இருந்தவர், அப்படியே இருந்துவிட்டார். நோயாளியாக இருந்த அம்மா பின்தங்க, சுகமாக இருந்த அவர் முந்திவிட்டார். உள்ளூர்ப் பேப்பரில் வந்த மரண அறிவித்தலையும் வெட்டி வைத்திருந்தாள். இன்ன பண்ணையில் பிறந்தார், அதே பண்ணையில் ஐம்பது வருஷம் பன்றி வளர்த்தார், இரண்டு வருஷம் ராணுவத்தில் இருந்தார், ஊர்த் தேவாலயத்தின் கூரையை மூன்று தரம் தன் கையால் வேய்ந்தார், பக்கத்துப் பண்ணைகளில் பன்றி ஈனச் சிக்கல் என்றால் முதலில் அழைப்பது இவரைத்தான். ராணுவத்துக்கு ஒரே வரி.

கடிதத்தின் கடைசியில் ஒன்று கேட்டிருந்தாள். பனி உருகின பிறகுதான் அஸ்தியை அடக்கம் செய்யப்போகிறோம், அப்போது வாசிக்க அப்பாவைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்புவீர்களா? காய்ச்சலோடு எழும்பி வந்து தன்னைத் தேடின மனுஷி என்றுதான் அப்பா உங்களைப் பற்றி எல்லோருக்கும் சொல்வார். இன்னொன்றும் இருக்கிறது. வியட்நாமைப் பற்றி அப்பா எங்களோடு ஒரு சொல்லும் கதைத்ததில்லை. அம்மாவோடும்கூட. ஆனால் பாரிஸில் உங்களிடம் சொல்லத் தொடங்கினேன் என்று ஒருநாள் அம்மாவிடம் சொன்னாராம். அவர் என்ன சொன்னார் என்று எங்களுக்குச் சொல்ல முடியுமா?

அந்தக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு கிழமை திரிந்தேன். ரயிலில் எடுத்து வாசிப்பேன், திரும்ப வைப்பேன். அண்ணையிடம் காட்டி, தமிழில் சொன்னேன். "உள்ளதை எழுது பிள்ளை. அந்தச் சனம் கேக்குதெல்லோ" என்றார்.

உள்ளதை எழுதினேன். படுக்கை விரித்ததை, வெங்காயம் உரித்ததை. காய்ச்சல் பொய் என்பதை. தம்பியை. தாய்ப்பன்றியை, ஒன்பது குட்டியை, பட்டிக்குள் இறங்கின கிழவியை. அதற்கு மேல் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, நான் அந்த இடத்தில் எழும்பிப் போய்விட்டேன் என்று எழுதினேன்.

மறுமொழி ஒரு மாதம் கழித்து வந்தது. இரண்டே வரி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அந்தக் கிழவி என்ற இடத்தில் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். எழுதியதற்கு நன்றி.

அந்தக் கிழவிக்கு என்ன நடந்தது? அவர் சுட்டாரா, துவக்கைக் கீழே போட்டாரா, அல்லது அதைவிட மோசமாக வேறேதும் நடந்ததா? இப்போது அதைச் சொல்ல இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை. அவரை நான் மன்னித்தேனா என்று என் கணவர் கேட்டார். மன்னிக்கிறதுக்கு அந்த மனுஷர் எனக்கு என்ன செய்தார்? ஐம்பது வருஷமாக ஒருவரிடமும் இறக்காத சுமையை இறக்க அவர் என்னிடம் கேட்டது இன்னும் ஐந்து நிமிஷம்தான். அதைக் கொடுக்காமல் எழும்பி வந்தவள் நான் என்பது, சார்செல் ரயிலில் சும்மா இருக்கிற நேரங்களில்கூட என்னை ஒரு இடத்தில் இருக்க விடுவதில்லை.